இரண்டு வருட அனுபவம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில், டூவீலர் ஸ்பேர்பார்ட்ஸ் கடைக்கு மேல்மாடியில், 2009ஆம் வருஷம் அடி கொடுக்கும் இடம் ஒன்று இருந்தது. சும்மா யாருக்கும் கொடுத்துவிட மாட்டார்கள். எம்.ஏ. ஆங்கிலம் படித்திருக்க வேண்டும், பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும், கட்டணத்தை முன்கூட்டியே கட்டியிருக்க வேண்டும். அப்படியும் வாங்குவதற்கு ஆட்கள் மாடிப்படி வரைக்கும் வரிசையில் நின்றார்கள். நம் ஊரில் படித்தவர்களின் நிலைமை அப்படி.

அந்த வரிசையில் சிதம்பரம் கதிர்வேலும் ஒருநாள் போய் நின்றான். அவன் ஒன்றும் அடிதடிக்கு ஆசைப்பட்டவன் இல்லை. வெளிநாட்டில் ஆங்கில வாத்தியார் வேலைக்குப் போகவேண்டும் என்பதுதான் ஆசை. அப்பா பொன்னுரங்கம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு எதிரில் டீ மாஸ்டர். பாய்லர் முன்னால் நின்று நின்று அவருக்குக் கால் நரம்பெல்லாம் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. மகனுக்கு வேலை கிடைத்தால்தான் அவர் உட்கார முடியும். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

தெற்கு வீதி பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கதிர்வேல் படிக்காத விளம்பரம் கிடையாது. எந்த நாடாக இருந்தாலும், எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும், விளம்பரத்தின் கடைசி வரியில் ஒரே முட்டுக்கட்டை: குறைந்தது இரண்டு வருட அனுபவம். சரி, உள்ளூரிலேயே அதைச் சம்பாதித்துக்கொண்டு போகலாம் என்று ஒரு தனியார் பள்ளிக்கூடத்துக்குப் போனான். அங்கே கரஸ்பாண்டென்ட் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"அனுபவம் இருக்கா தம்பி?"

"இல்ல சார். இங்க சேந்தா வந்துடும்."

"அனுபவம் இருந்தாத்தான் சேத்துக்குவோம்."

"சேந்தாத்தான சார் அனுபவம் வரும்?"

"கரெக்ட்" என்றார் அவர், கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல். காபியை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் அவனை அனுப்பினார்.

அதற்கு அடுத்த வாரம்தான் டவுன் பஸ்ஸின் முதுகில் அந்த நோட்டீஸைப் பார்த்தான். 'அனுபவம் இல்லையா? ஒரே மாதத்தில் இரண்டு வருட அனுபவம்! அகில உலக ஆசிரியர் அனுபவக் கழகம், மஞ்சக்குப்பம்.' பொன்னுரங்கம் கட்டிவந்த சீட்டைத் தள்ளி எடுத்துக் கட்டணம் கட்டினார். கதிர்வேல் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரிக்கொண்டு கடலூர் பஸ் ஏறினான்.

கழகத்தின் வரவேற்பறைச் சுவர் முழுக்க, வெளிநாடு போனவர்களின் புகைப்படங்கள். ஒருவருக்குத் தலையில் கட்டு, ஒருவருக்குக் கையில் மாவுக்கட்டு, ஒருவருக்கு ஒரு கண்ணே தெரியவில்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், சிரிக்க முடிந்த அளவுக்கு. மேசைமேல் ஒரு கண்ணாடி ஜாடி. அதில் பற்கள். ஒவ்வொன்றிலும் சொந்தக்காரரின் பெயர் எழுதிய சின்னச் சீட்டு நூலில் கட்டியிருந்தது.

இயக்குநர் தட்சிணாமூர்த்தி அந்த வேகாத வெயிலிலும் கோட்டு போட்டிருந்தார். கோட்டு பத்து வருஷத்துக்கு முன்னால் தைத்தது. ஆள் அதற்குப் பிறகும் வளர்ந்திருந்தார். கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாததால் அவர் பேச்சு முழுக்க முழங்கைக்குக் கீழேதான் நடந்தது.

"தம்பி, ஒரு வாத்தியாருக்கு ரெண்டு வருஷத்துல என்னா ஆவுது? பாடம் நடத்துறான். அத நீ காலேஜுலயே கத்துக்கிட்ட. சம்பளம் வாங்குறான். அதுக்கு அனுபவம் தேவையில்ல. மிச்சம் இன்னா இருக்கு? அடி. பசங்ககிட்ட அடி, பெத்தவுங்ககிட்ட அடி, மேனேஜ்மெண்டுகிட்ட அடி. மனசுல விழுறது, மானத்துல விழுறது எல்லாத்தையும் மூட்ட கட்டித்தான் அனுபவம்னு பேரு வச்சிருக்கான். நாங்க அதுல தண்ணி கலக்குறதில்ல. நேரா ஒடம்புல எறக்கிடறோம். ரெண்டு வருஷ சரக்கு ஒரு மாசத்துல முடிஞ்சிடும்."

"சார், நீங்க எத்தினி வருஷம் வாத்தியாரா இருந்தீங்க?"

"நானா? ஒரு நாளும் கெடையாது. வகுப்புக்குள்ள காலெடுத்து வச்சவனால கல்வியப் பத்தித் தெளிவா யோசிக்க முடியாது தம்பி. நான் வெளியிலயே நின்னவன். அதனாலதான் இவ்ளோ தெளிவு."

விகிதத்தை விளக்கினார். கன்னத்தில் அறை ஒரு மாத அனுபவம். டஸ்டர் நெற்றியில் வந்து விழுந்தால் மூன்று மாதம். பெஞ்சுப் பலகையால் ஒன்று போட்டால் ஆறு மாதம். முதுகில் விழுவது சேராது, ஏனென்றால் முதுகைக் காட்டும் வாத்தியாரை எந்த நாடும் மதிப்பதில்லை. தடுக்கக் கூடாது. பதிலுக்கு அடிக்கக் கூடவே கூடாது. அடிகளைக் கவனித்து மணியடித்து அறிவிக்க சிவப்ரியா என்று ஒரு பி.காம். பெண் இருந்தாள். மூலையில் ஸ்டூல் போட்டு, மடியில் பித்தளை மணியோடு உட்கார்ந்திருப்பாள். கொட்டாவி விட்டுக்கொண்டே மணியடிக்க அவளால் மட்டும்தான் முடியும்.

கதிர்வேல் வகுப்புக்குள் போவதற்கு முன், அந்த வாசல் வழியாக, அன்றோடு பயிற்சி முடித்த கிள்ளை ஊர்க்காரன் உத்திராபதியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவனுக்குத் தாடையைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தது, சட்டையெல்லாம் ரத்தம். பேச முடியாததால் கையாலேயே ஏரோப்ளேன் பறக்கிற மாதிரி காட்டினான். வேலை கிடைத்துவிட்டதாம். சிவப்ரியா பின்னாலேயே வந்து இரண்டு பற்களை ஜாடியில் போட்டுவிட்டு, "நெக்ஸ்ட்" என்றாள்.

உள்ளே எட்டாம் வகுப்பு பி பிரிவு உட்கார்ந்திருந்தது. எல்லோருக்கும் நீல அரைக்கால் சட்டை, சிவப்பு டை, முக்கால்வாசிப் பேருக்கு மீசை. குடிகாடு பக்கத்துக் கெமிக்கல் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்ட் வேலை பார்ப்பவர்கள். கம்பெனியை ரிப்பேருக்காக மூடியிருந்ததால் வேலையில்லாமல் இருந்தார்கள். இயக்குநர் அவர்களை மாணவர்களாக அமர்த்தியிருந்தார். வகுப்பு முடிந்ததும் ஆளுக்கு நாலு பரோட்டா, சால்னா. 'வெளிநாட்டுப் பிள்ளைகள் நல்ல போஷாக்கோடு வளர்ந்திருப்பார்கள்' என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு.

"குட் மார்னிங் சில்ட்ரன்" என்றான் கதிர்வேல்.

முதல் பெஞ்சிலிருந்து ஓர் ஆள் எழுந்து வந்தார். ஆறடி உயரம். நாற்பது வயதுக்குமேல் இருக்கும். இரண்டு கையிலும் பழைய தீக்காயத் தழும்பு. பெயர் ராஜாமணி. வகுப்புத் தலைவன்.

"மனசுல வச்சிக்காத சார். எங்களுக்கும் பொழப்பு" என்று சொல்லிவிட்டு அறைந்தார்.

கதிர்வேலுக்குக் காதுக்குள் ஒரு ரயில் ஓடியது. மணி அடித்தது. "ஒரு மாதம்!" என்றாள் சிவப்ரியா. அவன் நிமிர்வதற்குள் பின்வரிசையிலிருந்து டஸ்டர் வந்தது. கட்டைப்பக்கம் சரியாகப் புருவத்தில் இறங்கி, ரத்தம் கண்ணை மறைத்தது. "மூன்று மாதம்!" அவன் சுண்ணாம்பும் ரத்தமுமாகக் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு, குளிர்நாட்டுப் பூக்களைப் பற்றிய பாடத்தின் முதல் வரியைப் படித்தான். பூ என்ற சொல் வாயிலிருந்து வருவதற்குள் வயிற்றில் ஒரு உதை. உதைக்கு விகிதம் உண்டா என்று சிவப்ரியா வெளியே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். அரை மாதமாம்.

அன்றைக்கு அவன் வீட்டுக்கு வந்தபோது அம்மா கொளஞ்சியம்மாள் முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "யாருடா எம்புள்ளைய இந்தக் கதி பண்ணுனது? கை வெளங்குமா அவனுக்கு? வாங்க, கடலூருக்குப் போயி அவன் வீட்டு வாசல்ல மண்ண வாரித் தூத்திட்டு வரேன்!" என்று புடவையை இழுத்துச் செருகினாள்.

"சும்மா இரு. படிப்பு அது" என்றார் பொன்னுரங்கம். ஆனால் மகன் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

தெருவில் விஷயம் பரவியது. முதலில் பரிதாபப்பட்டவர்கள், வெளிநாட்டு வேலைக்கு என்று தெரிந்ததும் மரியாதையாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். வீங்கிய முகத்தை வைத்தே அனுபவத்தை மதிப்பிடப் பழகிக்கொண்டார்கள். எதிர்வீட்டு சிவகாமு அக்கா அவன் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "எட்டு மாசத்துக்கு மேலயே இருக்கும்போல இருக்கே! எங்க தம்பி புள்ளையும் எம்.ஏ.தான். ஒரு கீறல் கெடையாது, வீட்ல குந்தி தின்னுகிட்டு கெடக்குறான்" என்று பெருமூச்சு விட்டாள்.

இப்படியாகக் கதிர்வேல் அடிவாங்கி அடிவாங்கி ஒரு வருடம் மூன்று மாதம் வரை வந்துவிட்டான். இடது கண் மூடிக்கொண்டது. விலா எலும்பில் ஒன்று விட்டுப்போயிருந்ததால் மூச்சை இழுத்து விடாமல் பாதி பாதியாக விட்டுக்கொண்டிருந்தான். இன்னும் ஒன்பது மாதம். ஒரு பலகை, ஒரு டஸ்டர். முடிந்தது வேலை.

அன்று ராஜாமணி பெஞ்சுப் பலகையைக் கையில் எடுத்தார். ஓங்கியவர் அப்படியே நின்றார்.

"சார், ஒரு சந்தேகம். அடிச்சிட்டுக் கேக்கட்டுமா, கேட்டுட்டு அடிக்கட்டுமா?"

"கேட்டுட்டு அடிங்கண்ணே. அடிச்சப்பறம் என்னால பேச முடியாது."

ராஜாமணி பலகையைக் கீழே வைத்தார். சாக்பீஸ் எடுத்து, கோலம் போடுவதுபோலக் கரும்பலகையில் ஒன்றன்பின் ஒன்றாகச் சில உருவங்களை இழுத்தார். எழுதத் தெரியாத கை. ஆனால் அந்த வரியை அவர் பலநாள் முறைத்துப் பார்த்திருக்கிறார் என்று தெரிந்தது.

"எங்க கம்பெனில ஒரு டிரம்மு மேல இப்பிடி போட்டிருக்கும் சார். இன்னா அது?"

கதிர்வேல் ஒற்றைக் கண்ணால் படித்தான். "தண்ணி படக்கூடாதுன்னு போட்டிருக்கு."

ராஜாமணி மெதுவாகப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"என் மச்சான், அந்த டிரம்மு அழுக்கா இருக்குதேன்னு தண்ணி ஊத்திக் கழுவுனான் சார். முழங்கை வரைக்கும் வெந்துபோச்சு. அவனத் தூக்கப் போயித்தான் எனக்கு இது" என்று தன் கைகளைக் காட்டினார். "அவ்ளோதானா சார் எழுதியிருந்தது? தண்ணி படக்கூடாது. அவ்ளோதானா?"

அதற்குப் பிறகு குளிர்நாட்டுப் பூக்களை யாரும் தேடவில்லை. ஆளுக்கொரு வரியை ஞாபகத்திலிருந்து கரும்பலகையில் இழுத்தார்கள். இது திறக்காதே, இது நெருப்பு, இது மூச்சில் போகக் கூடாது, இது விஷம். கதிர்வேல் எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கொடுத்தான். மீசைக்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்து, கோரஸாகத் திருப்பிச் சொன்னார்கள். பரோட்டா வந்து ஆறிப்போனது. மூலையில் சிவப்ரியா மடியில் மணியோடு தூங்கிப்போனாள்.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். வீக்கம் வடிந்து கதிர்வேலுக்கு இரண்டாவது கண் திறந்தது. திறந்த பிறகுதான் அந்தப் பயங்கரம் அவனுக்கு உறைத்தது. பல நாளாக அவனை யாருமே அடிக்கவில்லை!

பதறிப்போய் அவர்களிடம் கெஞ்சினான். அவர்களும் சாருக்காக மனசைக் கல்லாக்கிக்கொண்டு முயன்று பார்த்தார்கள். ஆனால் அறைய வந்த கை கன்னத்தைத் தடவிவிட்டுப் போனது. டஸ்டரைக் கொண்டுவந்து பதவிசாக நெற்றியில் ஒற்றினார்கள். சிவப்ரியா மணியைத் தூக்கவே இல்லை. "அன்பான அடி அனுபவத்துல வராது சார். சர்குலர் இருக்கு" என்றாள்.

இதற்குள் பட்டமளிப்பு நாள் வந்துவிட்டது. சென்னை ஏஜென்சியின் பிரதிநிதி சூர்யநாராயணன் காரில் வந்து இறங்கினார். ஏதோ ஒரு தீவு நாட்டுப் பள்ளியில் ஒரே ஓர் இடம். சாயங்காலமே ஆளைக் காரில் ஏற்றி மீனம்பாக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும். கதிர்வேலுக்கு முன்னால் இருந்தவர்கள் ஆஸ்பத்திரியில் இருந்ததால் இவன் மட்டும்தான் போட்டியில். வகுப்பிலேயே மேடை போட்டு, வரவேற்பறைப் பல்ஜாடியை மேசையோடு அதில் ஏற்றி, பெற்றோரை முன்வரிசையில் உட்காரவைத்து ஆளுக்கொரு கலர் சோடா கொடுத்தார்கள். பொன்னுரங்கம் கடைக்கு லீவு போட்டு, சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார். மகன் அடிவாங்கப்போவதை நேரில் பார்க்கவேண்டுமே என்று கொளஞ்சியம்மாள் கோயில் விபூதியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

கதிர்வேல் வகுப்பெடுத்தான். எட்டாம் வகுப்பு பி பிரிவு கைகட்டி உட்கார்ந்து கேட்டது. கேள்விக்குக் கை தூக்கியது. சரியாகப் பதில் சொன்னது. ஒரு பெஞ்சுகூட நகரவில்லை.

தட்சிணாமூர்த்திக்கு வேர்த்து ஊற்றியது. மேடையேறி மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே, நீங்க இப்ப பாத்தது இந்தக் கழகத்தோட வரலாற்றுல ஒரு கறுப்பு நாள். ஒரு வாத்தியாரு பேசுறாரு, பசங்க கேக்குறாங்க! இதுக்கா பெத்தவுங்க காசு கட்டுனாங்க? கேட்டுக்கிட்டே இருந்தா அவனுக்கு எப்ப அனுபவம் வரும்? பாடம் நடத்துறதுக்குப் பாடம் நடத்துற எடம் ஆயிரம் இருக்கு. இது ஒரு கல்வி நிறுவனம்! இங்க அதெல்லாம் நடக்க விடமாட்டேன்."

சூர்யநாராயணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு வருஷம் மூணு மாசம்தான் இருக்கு. ஒம்பது மாசம் குறையுது. ரொம்ப நல்லா கிளாஸ் எடுக்கறார், அது எனக்கே தெரியறது. ஆனா அதை ஃபாரத்துல எந்தக் கட்டத்துல போடறது? அதுக்கு இடமே இல்லையே."

கதிர்வேல் ராஜாமணியின் முன்னால் போய்க் கைகூப்பினான். "அண்ணே, ஒரு பலகை, ஒரு டஸ்டர். அவ்ளோதான். எங்கப்பாவால இனிமே நிக்க முடியாதுண்ணே. அடிங்கண்ணே."

ராஜாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. "வேணாம் சார். எங்க உசுருக்கு எழுத்து சொல்லிக் குடுத்துட்ட நீ. உன்ன அடிச்சிட்டு நான் வீட்ல போயி சோத்துல கை வைக்க முடியுமா?"

"பரோட்டா கட்!" என்று மைக்கில் கத்தினார் இயக்குநர். ஒருவரும் அசையவில்லை.

அப்போது முன்வரிசையிலிருந்து பொன்னுரங்கம் எழுந்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து மனைவியிடம் கொடுத்தார்.

"நான் அடிக்கலாங்களா சார்?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லுமுன் மகனிடம் நடந்து போனார். அவர் அவன்மேல் கை வைப்பது அவன் பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. கண்ணை மூடிக்கொண்டு அறைந்தார். கதிர்வேல் தள்ளாடினான். விடாமல் இன்னொன்று அறைந்தார், அது கொஞ்சம் பலமாகவே விழுந்து உதடு கிழிந்தது.

"மணி அடிம்மா" என்றார் சிவப்ரியாவைப் பார்த்து, அழுதுகொண்டே. "நல்லாத்தான விழுந்துது? மணி அடிம்மா தாயி. பலகையும் எடுக்கறேன். ஒம்போது மாசம் நானே குடுத்துடறேன்."

சிவப்ரியா ஸ்டூலிலிருந்து எழுந்தாள். மணியைத் தூக்கினாள்.

"நிறுத்து!" என்றார் தட்சிணாமூர்த்தி. "பெத்தவன் புள்ளைய அடிக்கிறதுக்குப் பேரு பாசம். அது அனுபவத்துல சேராது. பெரியவரே, போயி ஒங்க எடத்துல குந்துங்க. சோடா குடிங்க."

பொன்னுரங்கம் தன் கையைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

ஒரு மாதமாகக் கதிர்வேலின் உடம்பில் இறங்கியதெல்லாம் அந்த நிமிஷம் ஒன்றாகக் கிளம்பியது. மேடைமேல் தாவினான். தட்சிணாமூர்த்தியின் கன்னத்தில் விழுந்த அறை மைக்கில் பட்டுக் கீழே ஸ்பேர்பார்ட்ஸ் கடை வரைக்கும் கேட்டது.

மணி அடித்தது. "ஒரு மாதம்!"

"ஏய், எதுக்கு மணியடிக்கிற?" என்று அலறினார் இயக்குநர்.

"வகுப்புல விழுற அடி யாருக்கு விழுந்தாலும் மணி அடிக்கணும்னு நீங்கதான சார் சொன்னீங்க" என்றாள் சிவப்ரியா. இம்முறை அவளுக்குக் கொட்டாவி வரவில்லை.

டஸ்டர் மூக்கில் இறங்கியது. மூன்று மாதம். ரத்தம் கோட்டில் கொட்டியது. தடுக்கலாம் என்றால் கோட்டுக்குள் கை மேலே எழவில்லை. திரும்பி ஓடினார். கதிர்வேல் முதுகில் ஒன்று வைத்தான். "முதுகு, சேராது!" என்று அறிவித்தாள் சிவப்ரியா. உடனே கதிர்வேல் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தான். ராஜாமணி பெஞ்சுப் பலகையை இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்து, "சார்" என்று பவ்யமாக நீட்டினார். அதை வாங்கி அவன் வீசிய வேகத்தில் இயக்குநர் பல்ஜாடி மேசையோடு சேர்ந்து உருண்டார். ஆறு மாதம். அவர் எழுந்தார். இன்னொரு ஆறு மாதம். கொளஞ்சியம்மாள் விபூதியை முந்தானையில் முடிந்துகொண்டு செருப்பைக் கழற்றினாள். "செருப்புக்கு விகிதம் இல்லியே சார்?" என்று சிவப்ரியா பிரதிநிதியைக் கேட்க, அவர் சற்று யோசித்து, "டஸ்டரோட சேர்த்துக்கலாம்" என்றார். எட்டாம் வகுப்பு பி பிரிவு எழுந்து நின்று, கற்றுக்கொண்ட பாடத்தை எல்லாம் ஒரே குரலில் கத்தியது. திறக்காதே! நெருப்பு! விஷம்!

கடைசிப் பலகை தாடையில் விழுந்தபோது ஒரு பல் துள்ளி வந்து சிவப்ரியாவின் காலடியில் விழுந்தது. அவள் நீளமாக மணியடித்தாள். "இரண்டு வருடம் பூர்த்தி!"

கைதட்டல் கேட்டுக் கதிர்வேல் திரும்பினான். சூர்யநாராயணன் எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தார்.

"பிரமாதம்! தடுக்கலை. பதிலுக்கு ஒண்ணு அடிக்கலை. என் சர்வீஸ்ல இப்படி ஒருத்தரைப் பார்த்ததில்லை." குனிந்து, தரையில் கிடந்த தட்சிணாமூர்த்தியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாழ்த்துகள் சார். வேலை உங்களுக்குத்தான்."

"எனக்கு... இங்கிலீஷு தெரியாதுங்க" என்றார் தட்சிணாமூர்த்தி, வாயில் ரத்தத்தோடு. அவர் வாழ்க்கையில் பேசிய முதல் உண்மை அதுவாகத்தான் இருக்கும்.

"அதை யார் சார் கேட்டா? விளம்பரத்தைப் படிச்சீங்களா? அனுபவம்தான் கேட்டிருக்கோம்."

டிரைவரும் சூர்யநாராயணனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இயக்குநரைப் படியில் இறக்கினார்கள். "நான் போவமாட்டேன், புள்ளைங்க அடிக்கும்!" என்று அவர் கத்திய கத்தல் கார்க் கதவைச் சாத்தும்வரை கேட்டது. அந்தத் தீவில் பிள்ளைகள் ரொம்ப சாதுவாம். டீச்சர் வந்தால் எழுந்து நின்று பாட்டுப் பாடுமாம். அதைச் சொன்னால் அவர் நம்பியிருக்க மாட்டார்.

சாயங்காலம் சிதம்பரம் பஸ்ஸில் மூவருக்கும் ஒரே சீட்டு கிடைத்தது. கதிர்வேலுக்கு விரல் முட்டியெல்லாம் வீங்கியிருந்தது. கொளஞ்சியம்மாள் ஜன்னலோரம் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். குடிகாடு தாண்டும்போது கெமிக்கல் நாற்றம் பஸ்ஸுக்குள் வந்து மூக்கை அறுத்தது. பொன்னுரங்கம் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். புதுச்சத்திரம் தாண்டியதும் மகனைக் கேட்டார்.

"வலிக்குதாடா?"

"இல்லப்பா."

"ரெண்டாவது கொஞ்சம் ஜாஸ்தியா விழுந்துடுச்சி."

"பரவால்லப்பா. உடுங்க."

பொன்னுரங்கம் தலையை ஆட்டிக்கொண்டார். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் மகன் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"எம்மேலதான்டா தப்பு கதிரு. சின்னதுலேர்ந்து நாளுக்கு ஒண்ணு ரெண்டு போட்டு வளத்திருந்தேன்னா, எனக்கும் கை பழகியிருக்கும், அவனும் பாசம்னு சொல்லித் தள்ளியிருக்க மாட்டான். நீ இந்நேரம் ஏரோப்ளேன்ல இருந்திருப்ப. புள்ளைய அடிக்கக்கூடாதுன்னு முட்டாத்தனமா இருந்துட்டேன். மன்னிச்சிக்கடா."

ஒரு மாதமாக வாங்கிய எந்த அடிக்கும் அழாத கதிர்வேல், அப்பாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க, ஓவென்று அழுதான்.